ராசம்மா அக்காவின் கால் கையளிப்பு விழா

காலை வாரிவிடுகிறவர்கள் எல்லா அலுவலகங்களிலும் இருப்பார்கள். நான் அவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவள். ஒருவருடைய காலையே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதுவும் பட்டப்பகலில், அலுவலக வேனில், அவர் கையால் போட்ட பால் விடாத பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டு.

அப்போது நான் பதுளையில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் கால் இழந்தவர்களைத் தேடிப்பிடித்து, வெளிநாட்டு நன்கொடையில் செயற்கைக் கால் பொருத்திக் கொடுப்பது எங்கள் வேலை. என் பதவியின் பெயர் திட்ட இணைப்பாளர். (இணைப்பதற்கு அங்கே பணிப்பாளரையும் வேன் சாரதியையும் விட்டால் வேறு ஆள் இல்லை.) கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் போட்டுக்கொண்டு போவேன். ஏழைகளின் கண்ணீரைத் துடைக்கவென்றே கர்த்தர் என்னைப் பதுளையில் பிறக்க வைத்திருக்கிறார் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. அப்பாவுக்குத்தான் கொஞ்சம் இருந்தது. வீட்டில் ஒரு கோப்பையைக் கழுவி வைக்காத பிள்ளை யாருடைய கண்ணீரைத் துடைக்கப் போகிறது என்று அம்மாவிடம் கேட்பார்.

எங்கள் பணிப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். அரச உத்தியோகத்தில் பதுளைக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் திரும்பிப் போக மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டவர். தங்கமான மனிதர். தூரத்திலிருந்து வரும் நோயாளிகளுக்குத் தன் கைக்காசில் சாப்பாடு வாங்கிக் கொடுப்பார். ஒரே ஒரு குறை, படம் எடுக்காத எந்தக் காரியமும் நடந்ததாக அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். "படம் இல்லையெண்டால் வேலை நடக்கேல்லை எண்டுதான் அர்த்தம், பிள்ளை" என்பார். (அவருடைய பேத்தி பிறந்த அன்று, தாதியை மறுபடியும் ஒருமுறை குழந்தையை ஏந்திக்கொண்டு வரச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. நான் நம்புகிறேன்.)

ராசம்மா அக்கா லுணுகலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுத்தவர். மலையில் காலில் ஏறிய ஒரு குச்சி, சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், ஆறாத புண்ணாகி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. கணவர் இறந்து வெகுகாலம். பிள்ளைகள் இல்லை. எங்கள் அலுவலகத்தின் பின்கூடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் புதுக்காலில் நடை பழகினார். விழும்போது சிரிப்பார், எழும்பும்போது திட்டுவார். கால் பழகியதும் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்பிப் போய், யாருடைய தயவும் இல்லாமல் பைப்படிக்கு நடந்து தண்ணீர் பிடித்தார். இனித் தேவையில்லை என்று தன்னுடைய ஊன்றுகோல்கள் இரண்டையும் கீழ் லயத்தில் இடுப்பு உடைந்து கிடந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

கால் வந்ததும் ஒரு வேலையும் கைகூடி வந்தது. மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா வேலை காலியாகியிருந்தது. புதன்கிழமை காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் இடத்துக்கு, நடந்து வந்து காட்டு என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சொல்லியிருந்தார். குழந்தைகளைத் தூக்குகிறவள் தடுமாறாமல் நடக்கிறாளா என்பதை அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். பிள்ளை பெறாத அக்காவுக்கு அந்த வேலை என்னவாக இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. போன் எடுத்தாலே புதன்கிழமையைப் பற்றித்தான் பேசுவார்.

அதே புதன்கிழமைதான், காலுக்குப் பணம் கொடுத்த வெளிநாட்டுத் தம்பதி வரப்போவதாகச் செய்தி வந்தது. பணிப்பாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர்கள் தங்கள் கையால் காலை எடுத்துக் கொடுக்கும் படம் வேண்டும் என்றார். அதைத்தான் எப்போதோ கொடுத்தாயிற்றே ஐயா என்றேன். அவர் கமராவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அப்ப, அதைத் திருப்பி எடுத்து இன்னொருக்காக் குடுப்பம்."

இந்த இடத்தில் மனச்சாட்சி உள்ள ஒரு பெண் என்றால் எழும்பி வெளியே போயிருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, வெறுமனே கொடுத்தால் படம் எடுபடாது, பளபளக்கும் தாளில் சுற்றி ரிபன் கட்டலாம் என்று யோசனை சொன்னேன். கெட்டிக்காரி என்று பாராட்டினார். அந்தப் பெருமையில் அன்றைக்கு முழுவதும் எனக்குப் பசிக்கவில்லை.

திங்கட்கிழமை வேனோடு லயத்துக்குப் போனேன். காலைச் சர்வீஸ் செய்ய வேண்டும், இரண்டு நாள் பதுளையில் எங்கள் விடுதியில் தங்குங்கள் என்று சொன்னேன். மோட்டார் சைக்கிளுக்குச் சொல்வதுபோல் எவ்வளவு எளிதாக வாயில் வந்தது அந்தப் பொய். அக்காவுக்கு ஒரே ஒரு கவலைதான். "புதன்கிழமை பெரட்டுக்குப் போகணுமே மிஸ், தொர வரச் சொல்லியிருக்காருல்ல" என்றார். அதே நாள் பத்து மணிக்குக் காலுக்குப் பணம் கொடுத்தவர்கள் உங்கள் தோட்டத்துக்கே வருகிறார்கள், அங்கே ஒரு சின்ன விழா, துரையிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். (துரையை நான் அதுவரை பார்த்ததுகூட இல்லை.) அக்கா நம்பினார். பிளேன்டீ போட்டுக் கொடுத்தார். பிறகு உட்கார்ந்து காலைக் கழற்றி, ஒரு துவாயால் துடைத்து என் கையில் தந்தார். நானும் சாரதியும் அவரைத் தூக்கி வேனில் ஏற்றினோம். பகல் சாப்பாட்டுக்கு வந்த சனம் வாசல்களில் நின்று பார்த்தது. பக்கத்து வீட்டுப் பாக்கியம், தண்ணீர் பிடிக்கும் முறையில் சண்டை வந்து அக்காவோடு பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தவர், கதவிடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க ஆசை, கேட்க ரோசம். அவசரத்தில் அக்கா தன் போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

அதன் பிறகு நான் இறங்கினேன் பாருங்கள் வேலையில்.

முதலில் பேனர். அக்காவின் படத்தைப் பெரிதாகப் போட வேண்டும். பதுளையில் ஓர் அச்சுக் கடையில், பொடியன் கணினியில் பல படச் சட்டங்களைக் காட்டினான். முட்டை வடிவத்தில் ஒன்று, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே வெள்ளை லில்லிப் பூக்கள். மங்களகரமாக இருந்தது, அதையே போடச் சொன்னேன். பதுளையின் மின்கம்பங்களில் வாரத்துக்கு ஒன்றாவது தொங்கும் அந்த வடிவத்தை நான் எதற்காகவெல்லாம் பார்த்திருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. வாசகங்களை ஆங்கிலத்தில் எழுதினேன். வருகிறவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லவா. ஒரு தமிழ் எழுத்துக்கூட அதில் இல்லை.

அடுத்தது கொடிகள். பஸ் நிற்கும் சந்தியிலிருந்து லயம் வரைக்கும் எங்கள் நிறுவனத்தின் நீலமும் வெள்ளையும் கட்டத் திட்டம். கடையில் நீலம் முடிந்துவிட்டது. இருப்பதைத் தாருங்கள் என்றேன். பேனரையும் கொடிகளையும் லுணுகலை பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன்.

கடைசியாகக் கூடாரமும் கதிரைகளும். அந்தத் தோட்டத்தில் இவை இரண்டும் ஓரிடத்தில்தான் உண்டு, மரண உதவிச் சங்கத்தில். சாவு விழுந்த வீட்டுக்குக் கூடாரம் போட்டு, கதிரை அடுக்கி, தேநீர்த் தண்ணீர் கொதிக்க வைப்பது வரை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தலைவர் வேலுச்சாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். மலையில் சிக்னல் விட்டு விட்டுக் கேட்டது. ராசம்மா அக்காவின் லயத்துக்கு முன்னால் புதன்கிழமை காலையில் கூடாரம் வேண்டும், பத்து மணிக்கு நாங்கள் வேனில் வருகிறோம், பஸ்ஸில் வரும் சாமான்களைச் சந்தியிலிருந்து கட்டிவிடுங்கள் என்றேன். அண்ணன் தாழ்ந்த குரலில், "சரிங்க மிஸ். நாங்க பாத்துக்கிறோம்" என்றார். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இப்படியல்லவா வேலை செய்ய வேண்டும் என்று பணிப்பாளரிடம் மெச்சிக்கொண்டேன். கூடாரம் கேட்டு வருகிற வீட்டாரிடம் கேள்வி கேட்டுத் தொல்லைப்படுத்தக்கூடாது என்பது அந்தச் சங்கத்தின் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை காலை பசறை தாண்டி வேன் ஏறிக்கொண்டிருந்தது. முன் இருக்கையில் ராசம்மா அக்கா. பின்னால் வெள்ளைக்காரத் தம்பதி, பணிப்பாளர், நான். என் மடியில் பொன்னிறத் தாளில் சுற்றிய நீளமான ஒரு பொதி, சிவப்பு ரிபனோடு. கால் எங்கே என்று அக்கா கேட்டார். பின்னால் பத்திரமாக இருக்கிறது என்றேன். பொய் இல்லைதானே.

சந்தியில் திரும்பியதும் கொடிகள் தொடங்கின. வெள்ளை, வெள்ளை, வெள்ளை. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குக் கட்டுகிற நிறம். இதெல்லாம் எங்களுக்காகவா என்று வெள்ளைக்கார அம்மையார் மகிழ்ந்து கேட்டார். ஆம் என்றேன். இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவே பேனர் தொங்கியது. கடைக் கணினியில் பார்த்தபோது விழாவாகத் தெரிந்தது, பாதைக்குக் குறுக்கே பார்த்தபோது கண்ணீர் அஞ்சலியாகத் தெரிந்தது. விளக்குகளுக்கு நடுவில், லில்லிப் பூக்களுக்கு மேலே, அக்கா யாரையும் குறை சொல்லாத முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், அது நானா?"

"ஆமாங்க அக்கா."

"பக்கத்துல எதுக்கு வெளக்கு?"

அதற்குள் வேன் அடுத்த வளைவு திரும்ப, தோட்டத்தின் அந்த டிவிஷன் சனம் முழுவதும் அங்கே நின்றுகொண்டிருந்தது. சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் மலைக்குப் போவதில்லை. ஆண்கள் பாதையோரமாக ஒதுங்கி நின்றார்கள். பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு ஓவென்று அழத் தொடங்கினார்கள். வெள்ளை வேனில் அக்காவின் உடம்பு வருகிறது என்று அவர்கள் இருக்க, இது பாரம்பரிய வரவேற்புப் பாட்டு என்று வெள்ளைக்கார அம்மையார் இருந்தார். ஜன்னலைத் திறந்து, இரண்டு கையையும் கூப்பி, முகமெல்லாம் சிரிப்பாக எல்லோருக்கும் வணக்கம் வைத்தார். ஒப்பாரி இரண்டு மடங்கானது.

எல்லோருக்கும் மேலாகக் கேட்டது பாக்கியத்தின் குரல்தான். "அடி ராசம்மா, இனி பைப்படியில நான் யாரோட சண்ட புடிப்பேன்" என்று மார்பில் அடித்துக்கொண்டு வேனை நோக்கி ஓடி வந்தார். முன்கதவு திறந்தது.

"ஏன்டி இப்புடிக் கத்துற. எவன் செத்துப்போனான்?" என்றார் ராசம்மா அக்கா.

ஒப்பாரி பாதியில் நின்றது. பாக்கியம் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழும்பி வந்து அக்காவின் கன்னத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். தடவிவிட்டு, சாகாமலிருந்ததற்காகத் தோளில் ஒரு அடி போட்டார். அதற்குப் பிறகுதான் சனம் பெருமூச்சு விட்டது. நாலைந்து பேர் சிரிக்கத் தொடங்கினார்கள். வேலுச்சாமி அண்ணன் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பேனரைக் காட்டி, கொடிகளைக் காட்டி, நீல நிறம் முடிந்துபோன கதையைச் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன், ஆனால் யாருக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை.

அக்காவைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடாரத்தில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். பணிப்பாளர் மனம் தளராதவர். கமராவைக் கையில் எடுத்து, வந்த காரியத்தைச் செய்வோம் என்று என்னிடம் கண்ணைக் காட்டினார். நான் பொன்னிறப் பொதியோடு முன்னால் போனேன். அது எவ்வளவு பளபளத்தாலும் உள்ளே இருப்பது கால் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பாதம் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

அக்கா பொதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மிஸ், இது என் காலுதானே?"

"ஆமாங்க அக்கா."

"சர்வீஸுக்குன்னு சொன்னீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதை யார் எனக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று கேட்டார். வெள்ளைக்காரத் தம்பதியைக் கைகாட்டினேன். அக்கா அவர்களைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட இருந்து எடுத்தது நீங்கதானே. நீங்களே குடுங்க."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன். எல்லோரும் பார்க்க, கூடாரத்து மண்ணில் முழங்காலிட்டு அந்த ரிபனை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு வரவில்லை. (அவ்வளவு கச்சிதமாக நானேதான் கட்டியிருந்தேன்.) கடைசியில் பாக்கியம் வந்து பல்லால் கடித்து அறுத்தார். அக்கா காலை மாட்டி, வாரை இழுத்துக் கட்டி, எழும்பி நின்றார். பணிப்பாளர் படம் எடுக்கவில்லை. கமராவைக் கீழே இறக்கிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் துரையின் ஜீப் வந்து நின்றது. காலையில் பெரட்டுக்கு ஒருவரும் வரவில்லை என்பதால், தோட்டத்தின் சார்பில் துக்கம் விசாரிக்க நேரிலேயே வந்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சோகமாக உள்ளே வந்தவர், எதிரே நிற்கிறவரைக் கண்டு திகைத்துப்போனார்.

"ராசம்மா, நீ சாகல்லையா?"

"இல்லைங்க தொர. மிஸ் என்னைய சர்வீஸுக்குக் கொண்டுபோயிருந்தாங்க. காலைல பெரட்டுக்கு வர முடியல. இப்ப நடந்து காட்டவா?"

துரை பதில் சொல்வதற்கு முன்பே அக்கா நடக்கத் தொடங்கிவிட்டார். கூடாரத்திலிருந்து ஜீப் வரை, கல்லும் முள்ளுமான அந்தப் பாதையில். ஜீப்பின் மட்காட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, ஒரு பெண் தன் இடுப்பிலிருந்த குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மீதித் தூரத்தையும் நடந்து வந்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்த வேலை அவருக்குக் கிடைக்காமல் போயிருந்தால் நான் எந்த முகத்தோடு இதை எழுதிக்கொண்டிருப்பேன்.

"நாளைக்கு பிள்ளைக்காம்பராவுக்கு வா" என்றார் துரை. பிறகு என்னைப் பார்த்து, இன்றைக்குரிய கொழுந்தை யார் எடுப்பது என்று கேட்டார்.

வெள்ளைக்கார அம்மையார் என்னைத் தனியாக அழைத்து என்ன நடந்தது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வாரத்தில் நான் பேசிய முதல் முழு உண்மை அதுதான். கேட்டுவிட்டுத் தன் கணவரிடம், நாம் எப்போதாவது படம் கேட்டோமா என்று கேட்டார். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். நடக்கிறவரைப் பார்க்கத்தான் வந்தோம் என்றார்கள். பார்த்துவிட்டார்கள்.

கூடாரத்தின் ஒரு மூலையில் மேசை ஒன்று இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். சீனி, தேயிலை, அரிசி, பிஸ்கட், மெழுகுதிரி. சாவு வீட்டுக்கென்று ஒவ்வொரு வீட்டாரும் கொண்டுவந்து வைத்தவை. யார் எதைக் கொண்டுவந்தார் என்று யாருக்கும் தெரியாது, யாரும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று சிரிக்கவும் இல்லை. பதுளையிலிருந்து வேன் பிடித்து நாங்கள் செய்ய வந்ததை அவர்கள் பக்கத்து வீட்டிலிருந்து நடந்து வந்தே செய்திருந்தார்கள். நான்தான் சாகவில்லையே, எல்லாவற்றையும் திரும்பக் கொண்டு போங்கள் என்று அக்கா சொன்னார்.

வேலுச்சாமி அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "குடுத்தத திருப்பி எடுக்கிற பழக்கம் நம்ம சங்கத்துல இல்ல ராசம்மா. வச்சுக்க. நெசமா சாகிறப்ப வேற கொண்டாறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சீனியில் போட்ட பிளேன்டீயை அக்காவே எல்லோருக்கும் கொண்டுவந்து கொடுத்தார், எனக்கும்தான். வாங்கும்போது பாதியை அடையாள அட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பசறை வரைக்கும் பணிப்பாளர் கமராவை உறையில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார். டவுன் வந்ததும், "பிள்ளை, அந்த மனுசியிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லேல்லை என்ன" என்றார். தம்பதியை அங்கே ஒரு தேநீர்க் கடையில் இருத்திவிட்டு, வேனைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் மலை ஏறினோம். அவர் அக்காவிடம் என்ன சொன்னார் என்று தெரியாது, என்னை வேனிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். எங்கள் அலுவலகத்தில் அதன் பிறகு கையளிப்பு விழா நடந்ததில்லை. கால் தயாரானால் அன்றைக்கே மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். படம் குறைந்ததால் நன்கொடையும் கொஞ்சம் குறைந்தது. அந்தத் தம்பதி மட்டும் நிறுத்தவில்லை.

வீட்டில் இந்தக் கதைக்கு ஓய்வே கிடையாது. என் மகள் பிறந்தநாள் பரிசைக் கையில் வாங்கினால் பிரிப்பதற்கு முன்பு, "இது யாருடையது அம்மா?" என்று கேட்பாள். என் அப்பா பக்கத்திலிருந்து இருமுவார்.

அதுகூடப் பரவாயில்லை. அந்தத் தோட்டத்துப் பக்கம் போகும்போதெல்லாம் பிள்ளைக்காம்பராவை எட்டிப் பார்ப்பேன். ராசம்மா அக்காதான் இப்போது அங்கே எல்லாம். ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து திரிவார். பிள்ளைகளுக்கு என்ன கதை சொல்லி வைத்திருக்கிறாரோ, நான் கேட்டதில்லை, கேட்கும் தைரியமும் இல்லை. என்னைக் கண்டதும் உள்ளே திரும்பி, "புள்ளைங்களா, மிஸ் வந்துட்டாங்க" என்பார். தொட்டிலில் கிடப்பவை தவிர, உட்காரத் தெரிந்த அத்தனை பிள்ளைகளும் உடனே குனிந்து, இரண்டு கையாலும் தங்கள் காலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.